குழந்தையைப் பார்க்கப் போய் புரொபேஷன் மீறல் வழக்கா? ஒப்புக்கொள்வது, வாதாடுவது, பேசி முடிப்பது: மூன்றின் விலையும்

கலிஃபோர்னியாவில் குடும்ப வன்முறை வழக்கு ஒன்றில் உங்களுக்கு புரொபேஷன், அதாவது சிறைக்குப் பதிலாக நிபந்தனைகளோடு வெளியே இருக்கவிடும் காலம், கொடுத்திருக்கிறார்கள். பிரிந்து வாழும் துணையை நெருங்கக்கூடாது என்று பாதுகாப்பு உத்தரவும் இருக்கிறது. குழந்தையைப் பார்க்கப் போன இடத்திலோ, குழந்தையைப் பற்றி அனுப்பிய ஒரு செய்தியிலோ, ஏதோ ஒன்று அந்த உத்தரவோடு உரசிவிட்டது. புரொபேஷனை மீறினீர்கள் என்று நீதிமன்றம் இப்போது அழைக்கிறது.

உடனே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்பதா? விசாரணை நடத்துங்கள் என்று வாதாடுவதா? டி.ஏ. (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) அலுவலகத்தோடு பேசி முடிப்பதா? ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் வசிக்கும் வாசகர்களிடமிருந்து இந்தக் கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் அப்பா, சில சமயம் அம்மா. எச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "ஜெயிலுக்குப் போவேனா?" என்பதுதான்.

நியாயமான பயம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் பெரிய இழப்பு வேறு இடத்தில் வந்து சேரும். அன்றைக்கு நீதிமன்றப் பதிவில் எந்த வாக்கியம் ஏறுகிறதோ அதே வாக்கியம் பிறகு குடும்ப நீதிமன்றத்துக்கும் போகிறது, குடியேற்ற நீதிமன்றத்துக்கும் போகிறது. பத்து நாள் சிறையை மிச்சம் பிடிக்க "ஆமாம், நெருங்காதே என்ற உத்தரவை மீறினேன்" என்று சொல்லிவிட்டு வருபவர் நாட்டையே விட்டு வெளியேற நேரலாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

இங்கே சொல்வதெல்லாம் கலிஃபோர்னியா சட்டமும் அமெரிக்கக் கூட்டாட்சிக் குடியேற்றச் சட்டமும். டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ இருப்பவர்களுக்கு மாநிலச் சட்டப் பகுதி மாறும், குடியேற்றப் பகுதி பொருந்தும்.

## மீறல் எப்படி நேர்கிறது

மீறல் என்றதும் கதவை உடைத்துக்கொண்டு நுழைவதை நினைக்கவேண்டாம். "பாப்பாவுக்குக் காய்ச்சல் குறைஞ்சுதா?" என்று நேராக வாட்ஸ்அப்பில் கேட்பதும் மீறல்தான், உத்தரவு அதை அனுமதிக்காவிட்டால். டாக்கிங் பேரன்ட்ஸ் போன்ற செயலி வழியாக மட்டும் பேசலாம் என்று சொல்லியிருக்கும்போது போன் போடுவதும் அப்படித்தான். ஊரிலிருக்கும் அம்மாவை விட்டு மருமகளிடம் பேசவைத்தாலும் அது தொடர்பு கொண்டதாகவே கணக்கு. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு விடவேண்டிய குழந்தையை எட்டரைக்குக் கொண்டுபோய் விடுவது, பள்ளி ஆண்டு விழாவுக்குப் போய்த் துணை உட்கார்ந்திருக்கும் அதே அரங்கில் உட்கார்வது என்று பட்டியல் நீளும்.

குடும்ப வன்முறை வழக்கில் புரொபேஷன் என்றால் தண்டனைச் சட்டம் 1203.097 பிரிவு பொருந்தும். குறைந்தது 36 மாதப் புரொபேஷன், வாரம் தவறாமல் 52 வார வன்முறைத் தடுப்பு வகுப்பு. வகுப்பை 18 மாதத்துக்குள் முடிக்கவேண்டும். தகுந்த காரணத்தோடு விடுப்பு எடுக்கலாம், அதுவும் மொத்தமாக மூன்றே வகுப்புகள். குழந்தையைப் பார்க்கும் நேரமும் வகுப்பும் ஒரே சனிக்கிழமையில் மோதினால், குழந்தையைத் தேர்ந்தெடுத்தவர் மீறல் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்.

இரண்டு தவறான நம்பிக்கைகள் நிறையப் பேரைச் சிக்கவைக்கின்றன. ஒன்று, "அவளேதான் வரச்சொன்னாள்." பாதுகாப்பு உத்தரவு நீதிமன்றத்தினுடையது, துணை சம்மதித்தாலும் அது தளராது. அவர் கூப்பிட்டதால் அவர்மீது வழக்கு வராது, போனதால் உங்கள்மீது வரும். இரண்டாவது, "குடும்ப நீதிமன்றம் சனிக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறதே." கிரிமினல் நீதிமன்றத்தின் தொடர்புத்தடை உத்தரவு அதற்கு முந்தும். அந்த உத்தரவிலேயே, குழந்தையைப் பாதுகாப்பாகக் கைமாற்றவும் நீதிமன்றம் அனுமதித்த சந்திப்புக்கும் மட்டும் அமைதியாகத் தொடர்பு கொள்ளலாம் என்ற விலக்கு குறிக்கப்பட்டிருந்தால்தான் குடும்ப நீதிமன்றத்தின் அட்டவணை உங்களுக்குப் பயன்படும். உங்கள் படிவத்தில் அந்தக் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

சிறை. உங்கள் தண்டனை எந்த விதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தண்டனை விதிப்பதையே தள்ளிவைத்திருந்தால், புரொபேஷனை ரத்து செய்யும் நீதிபதி அந்தக் குற்றத்துக்கு உரிய எந்தத் தண்டனையையும் புதிதாக விதிக்கலாம். தண்டனையை விதித்துவிட்டு நிறைவேற்றுவதை மட்டும் நிறுத்திவைத்திருந்தால், புரொபேஷனைத் திரும்பக் கொடுக்க மறுக்கும் நீதிபதி அதே தண்டனையைத்தான் நிறைவேற்ற முடியும், குறைக்க முடியாது. துணைக்குக் காயம் ஏற்படுத்தியதாக 273.5 பிரிவில் பெருங்குற்றமாகத் தீர்ப்பானவருக்கு இது 2, 3 அல்லது 4 ஆண்டு என்ற கேள்வி. 243(இ)(1) பிரிவில் சிறுகுற்றமாகத் தீர்ப்பானவருக்கு அதிகபட்சம் 364 நாள். மீறலுக்குப் பிறகும் புரொபேஷனைத் திரும்பக் கொடுக்க நீதிபதிக்கு முழு அதிகாரம் உண்டு, கூடவே சில நாள் சிறையோ கூடுதல் நிபந்தனையோ போடலாம்.

குழந்தை. குடும்பச் சட்டம் 3044 பிரிவின்படி, கடந்த ஐந்து ஆண்டுக்குள் குடும்ப வன்முறை செய்ததாக முடிவானவருக்குத் தனிக் கஸ்டடியோ கூட்டுக் கஸ்டடியோ கொடுப்பது குழந்தைக்கு நல்லதல்ல என்ற அனுமானத்தோடுதான் நீதிமன்றம் தொடங்கும். அந்த அனுமானத்தை உடைக்க நீங்கள் காட்டவேண்டியவற்றில் இவை மூன்றும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன: வகுப்பை முடித்தீர்களா, புரொபேஷன் நிபந்தனைகளைக் கடைப்பிடித்தீர்களா, பாதுகாப்பு உத்தரவுக்குக் கட்டுப்பட்டீர்களா. கஸ்டடி கேட்காமல் பார்க்கும் நேரம் மட்டும் கேட்பவருக்கும், 3100 பிரிவின் கீழ், மூன்றாம் நபர் கண்காணிப்பில் மட்டுமே பார்க்கவேண்டும் என்ற நிபந்தனை வரலாம்.

விசா. அமெரிக்கக் குடிமகன் அல்லாத ஒவ்வொருவரும் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்கவேண்டும். குடியேற்றச் சட்டம் 237(அ)(2)(இ)(ii) பிரிவு, வன்முறை மிரட்டல், தொடர் துன்புறுத்தல், உடற்காயம் ஆகியவற்றிலிருந்து ஒருவரைப் பாதுகாக்கும் உத்தரவின் பகுதியை மீறினார் என்று ஒரு நீதிமன்றம் முடிவு செய்தாலே நாடு கடத்தலாம் என்கிறது. புதிதாக ஒரு குற்றத் தீர்ப்பு தேவையில்லை. புரொபேஷன் மீறல் விசாரணையில் நீதிபதி சொல்லும் ஒரு முடிவோ, நீங்கள் தரும் ஒப்புதலோகூடப் போதுமானதாகலாம். அடிதடி நடந்திருக்கவேண்டும் என்றும் இல்லை. கலிஃபோர்னியாவை உள்ளடக்கிய ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2009இல் ஒரு வழக்கு வந்தது. ஓரிகன் மாநிலத்தில் 100 கஜம் விலகியிருக்க உத்தரவிடப்பட்ட ஒரு அப்பா, பார்க்கும் நேரம் முடிந்து குழந்தையைத் திரும்ப விடும்போது சாலையோரத்தில் நிற்காமல் முன்னாள் மனைவியின் வீட்டு டிரைவ்வேயில் குழந்தையோடு நடந்து போனார். அவரை நாடு கடத்தலாம் என்று அந்த நீதிமன்றம் சொன்னது. சட்டம் அவ்வளவு கடுமையானது.

நிரூபண அளவு. புதிய குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும், ஜூரி உண்டு. புரொபேஷன் மீறலில் ஜூரி கிடையாது. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று நீதிபதிக்குத் தோன்றினாலே போதும். உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு ஒன்று: மீறல் வேண்டுமென்றே நடந்திருக்கவேண்டும்.

நேரமும் பணமும். மாதக்கணக்கில் இழுக்கும் வழக்கில் வேலை நாட்கள் போகும், வழக்கறிஞர் கட்டணம் ஏறும். வருமானம் குறைவானவருக்கு, அரசு செலவில் வாதாடும் பப்ளிக் டிஃபெண்டர் கிடைப்பார். நல்ல சம்பளம் வாங்கும் பொறியாளர் தன் பணத்தில்தான் வழக்கறிஞர் வைக்கவேண்டியிருக்கும்.

## முதல் வழி: உடனே ஒப்புக்கொள்வது

முதல் நாளே எழுந்து நின்று, மீறினேன், மன்னியுங்கள், புரொபேஷனைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்பது. பலருக்கு இது கண்ணியமான வழியாகத் தோன்றுகிறது. தவறை மறைக்காமல் சொன்னால் நீதிபதி மனம் இரங்குவார் என்ற நம்பிக்கை நம் வளர்ப்பிலேயே இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது. முதல் மீறல், யாருக்கும் காயமில்லை, வகுப்புக்கு ஒழுங்காகப் போகிறார் என்றால், சில நாள் சிறையோடோ சமூகப் பணியோடோ புரொபேஷன் திரும்பக் கிடைப்பது நடக்கக்கூடியதுதான். வேகமாக முடியும், செலவு குறைவு. துணை சாட்சிக் கூண்டில் ஏறவேண்டாம். அது குழந்தைக்கும் நல்லது.

மறைந்திருக்கும் விலைதான் பெரிது. மீறல் மனுவில் பல குற்றச்சாட்டுகள் வரிசையாக இருக்கும். "எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்" என்று சொன்னால், நெருங்கக்கூடாது என்ற உத்தரவை மீறியதும் அதில் சேர்ந்துவிடும். குடிமகன் அல்லாதவருக்கு மேலே சொன்ன குடியேற்றப் பிரிவு அங்கேயே கதவைத் தட்டும். குடும்ப நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் அந்தப் பதிவின் நகல் போதும், வேறு சாட்சியம் தேடவேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு விலை பல வருடம் கழித்துத் தெரியும். புரொபேஷன் காலம் முழுவதும் நிபந்தனைகளை நிறைவேற்றியவர், 1203.4 பிரிவின்படி தன் பழைய தீர்ப்பை நீக்கித்தரக் கேட்டால் நீதிமன்றம் கொடுத்தாகவேண்டும். நடுவில் ஒரு மீறல் இருந்தால் அது நீதிபதியின் விருப்பத்துக்குப் போய்விடும். (அந்த நீக்கம் குடியேற்ற வழக்கில் பொதுவாக உதவாது. வேலை தேடும்போது உதவும்.)

அமெரிக்கக் குடிமகனாக இருந்து, மீறல் மறுக்கமுடியாததாகவும் சிறியதாகவும் இருந்து, கஸ்டடி வழக்கில் ஏற்கெனவே உடன்பாடு எட்டியிருந்தால் இந்த வழி பொருந்தும். விசாவில் இருப்பவருக்கு, குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் பேசாமல் இந்த வழியில் போகவே கூடாது என்பேன்.

## இரண்டாம் வழி: விசாரணை கேட்டு வாதாடுவது

மீறல் நடக்கவே இல்லை, அல்லது நடந்தது ஆனால் வேண்டுமென்றே இல்லை என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருந்தால் இதுதான் வழி. லிவர்மோர் கோயிலில் எதிர்பாராமல் துணையைப் பார்த்துவிட்டு அந்த நிமிடமே வெளியே வந்துவிட்டீர்கள், பார்க்கிங் ரசீதில் நேரம் இருக்கிறது என்றால், வேண்டுமென்றே மீறியதாகச் சொல்வது கடினம். 880 நெடுஞ்சாலையில் விபத்து நடந்து குழந்தையைத் தாமதமாக விட்டீர்கள், அந்த நேரத்திலேயே செயலியில் தகவல் அனுப்பியிருக்கிறீர்கள் என்றால் அதுவும் வலுவான பதில். வேறொருவர் உங்கள் பெயரில் அனுப்பிய செய்தி என்றால் போன் பதிவுகள் பேசும்.

ஆதாரம் இல்லாமல், "அவள் பொய் சொல்கிறாள்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு விசாரணைக்குப் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நிரூபண அளவு குறைவு. இரண்டு பேர் வாய்ச்சொல் மோதும்போது, ஏற்கெனவே அவரை அடித்ததாகத் தீர்ப்பான ஒருவரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தோற்றால், உத்தரவை மீறினார் என்று நீதிபதியே காரணங்களோடு சொல்லும் முடிவு பதிவில் ஏறும். குடியேற்றத்தைப் பொறுத்தவரை ஒப்புக்கொண்டதைவிட அது எந்த விதத்திலும் மேல் இல்லை.

மனிதர்கள் கொடுக்கும் விலையும் இருக்கிறது, அதைச் சட்டப் புத்தகம் சொல்லாது. உங்கள் வழக்கறிஞர் குழந்தையின் அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்வார். அடிபட்ட ஒருவரை மறுபடியும் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்பது அது. அதற்குப் பிறகு அடுத்த பத்து வருடம் அதே மனிதரோடு பள்ளி, மருத்துவர், பிறந்தநாள் என்று ஒத்துப்போகவேண்டும். கைமாற்றும்போது குழந்தை கூடவே இருந்திருந்தால், குழந்தையைச் சாட்சியாக அழைக்கும் பேச்சும் எழலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜெயித்தாலும் குடும்ப நீதிமன்றம் அதே சம்பவத்தைத் தனியாக எடைபோடலாம். அந்த முடிவு தன்னால் அதைக் கட்டிப்போடாது. ஆனால் புரொபேஷன் மீறல் என்ற பதிவு இருக்காது. விசாவில் இருப்பவருக்கு அது தங்கம்.

## மூன்றாம் வழி: பேசி, குறிப்பிட்ட ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வது

மீறல் மனுவில் நான்கு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: துணைக்கு நேரடியாகச் செய்தி அனுப்பியது, வீட்டுக்கு அருகே போனது, ஒரு வகுப்பைத் தவறவிட்டது, சமூகப் பணி நேரத்தைக் குறித்த தேதிக்குள் முடிக்காதது. உங்கள் வழக்கறிஞர் டி.ஏ.வோடு பேசி, கடைசி ஒன்றை மட்டும் நீங்கள் ஒப்புக்கொள்வது, மற்ற மூன்றையும் விலக்கிக்கொள்வது என்று உடன்பாடு செய்கிறார். நீதிபதி ஏற்றுக்கொண்டு புரொபேஷனைத் திரும்பக் கொடுக்கிறார், கூடுதல் நிபந்தனைகளோடு.

சிறை நாட்கள் முதல் வழியில் கிடைத்திருக்கும் அளவுக்கே இருக்கலாம். கொஞ்சம் கூடவும் இருக்கலாம். ஆனால் பதிவில் ஏறும் வாக்கியம் வேறு. சமூகப் பணி பாக்கியும் தவறவிட்ட வகுப்பும், வன்முறையிலிருந்து பாதுகாக்கும் உத்தரவுப் பகுதியை மீறியவை அல்ல. குடியேற்றப் பிரிவு கேட்பது அந்தப் பகுதியை. குடிமகன் அல்லாதவர்களுக்கு இந்த வழியையே முதலில் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒப்புக்கொள்வது உண்மையாகவும் இருக்கவேண்டும். செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று நீதிமன்றத்தில் சொல்லக்கூடாது.

குடியேற்ற விளைவுகளைப் பற்றித் தெளிவாக எச்சரிப்பது குற்ற வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 1016.3 பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், ஒப்புதல் பேச்சுவார்த்தையில் குடியேற்றப் பாதிப்பைத் தவிர்ப்பதையும் ஒரு காரணியாக டி.ஏ. தரப்பு கவனத்தில் கொள்ளவேண்டும் என்கிறது. ஆகவே, "விசா விஷயம் உங்கள் சொந்தப் பிரச்சினை" என்று யாராவது சொன்னால் அது முழு உண்மையில்லை. கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இதன் மறைவிலைகளையும் சொல்லவேண்டும். எந்தக் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறோம் என்பதில் குழந்தை வழக்கும் விசா வழக்கும் எதிரெதிராக இழுக்கலாம். தவறவிட்ட வகுப்பை ஒப்புக்கொள்வது விசாவுக்குப் பாதுகாப்பு. ஆனால் 3044 பிரிவு வகுப்பைத் தனியாகவே கேட்கிறது. அதனால் சமூகப் பணி பாக்கி, தாமதமான ஆஜர் போன்றவை மனுவில் இருந்தால் வகுப்பைவிட அவையே மேல்.

அப்புறம் நாட்கணக்கு. பெருங்குற்றத் தீர்ப்பு இருப்பவர் இதைக் கவனிக்கவேண்டும். வன்முறைக் குற்றத்துக்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால், குடியேற்றச் சட்டத்தில் அது மிகக் கடுமையான வகைக்குள் போய்விடும். புரொபேஷன் நிபந்தனையாகக் கழித்த நாட்களோடு, மீறலுக்காகச் சேர்க்கும் நாட்களும் கூட்டப்படும். முதலில் 300 நாள், இப்போது 70 நாள் என்றால் மொத்தம் 370. எல்லை தாண்டிவிட்டது. 60 நாளாக இருந்திருந்தால் 360தான். பத்து நாள் வித்தியாசத்தில் ஒருவருடைய வாழ்க்கையே திசை மாறும்.

டி.ஏ. ஒத்துக்கொள்ளவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மிரட்டலோ அடியோ நடந்திருந்தால், அல்லது இது மூன்றாவது மீறல் என்றால், பேச்சு எடுபடாது. எடுபடாமல் இருப்பதுதான் சரியும்கூட.

## புதிய வழக்கும் சேர்ந்து வந்தால்

பாதுகாப்பு உத்தரவை மீறுவது 166 அல்லது 273.6 பிரிவின் கீழ் தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை. குழந்தையைத் திருப்பிவிடாமல் வைத்துக்கொண்டு, மற்றவரின் கஸ்டடி உரிமையையோ பார்க்கும் உரிமையையோ தீய நோக்கத்தோடு பறித்தால் அது 278.5 பிரிவு. அதில் சிறுகுற்றமாக ஓராண்டு வரை, பெருங்குற்றமானால் மூன்றாண்டு வரை. இப்படிப் புதிய வழக்கும் இருந்தால், மீறல் விசாரணையை அது முடியும்வரை தள்ளிவைக்கக் கேட்கலாம். நீதிமன்றம் முதலில் மீறலை விசாரிக்கவும் முடியும். அப்படி விசாரித்து நீங்கள் சாட்சி சொன்னால், அந்தச் சாட்சியத்தைப் புதிய வழக்கில் உங்களுக்கு எதிரான நேரடி ஆதாரமாகப் பயன்படுத்த முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1975இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று மாற்றிச் சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள். புதிய வழக்கில் ஜூரி விடுவித்தாலும் மீறல் நிற்கலாம் என்பதையும் மறக்கவேண்டாம். நிரூபண அளவுகள் வேறு வேறு.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | உடனே ஒப்புக்கொள்வது | விசாரணை கேட்பது | பேசிக் குறிப்பிட்டதை ஒப்புக்கொள்வது |
|---|---|---|---|
| சிறை | நீதிபதி கையில். முதல் மீறலுக்கு இரக்கம் கிடைக்கலாம் | ஜெயித்தால் இல்லை. தோற்றால் கூடலாம் | முன்பே பேசி அளவு தெரியும் |
| குழந்தை வழக்கு | பதிவு நேராக எதிர்த்தரப்புக்குப் போகும் | ஜெயித்தால் பலம். உறவு மேலும் கெடும் | பாதிப்பு உண்டு, ஆனால் குறைவு |
| விசா, கிரீன் கார்டு | மிக ஆபத்து | ஜெயித்தால் பாதுகாப்பு. தோற்றால் ஆபத்து | சரியாகச் செய்தால் பாதுகாப்பானது |
| ஆதாரத் தேவை | இல்லை | எழுத்துபூர்வ ஆதாரம் கட்டாயம் | கொஞ்சம் இருந்தால் பேரம் வலுக்கும் |
| நேரம், செலவு | குறைவு | அதிகம் | நடுத்தரம். குடியேற்ற ஆலோசனைக் கட்டணம் தனி |

## போகவே கூடாத வழி

நீதிமன்றத்துக்குப் போகாமல் ஊருக்குப் போய்விடலாம் என்ற யோசனை சிலருக்கு வருகிறது. வாரண்ட் பிறக்கும். புரொபேஷனைத் தற்காலிகமாக ரத்து செய்ததும் அதன் காலக் கடிகாரமும் நின்றுவிடும். ஐந்து வருடம் கழித்துத் திரும்பினாலும் வழக்கு அதே இடத்தில் காத்திருக்கும்.

குழந்தையையும் கூட்டிக்கொண்டு போவது இன்னும் மோசம். மற்றவரின் பெற்றோர் உரிமையைத் தடுக்கும் நோக்கத்தோடு குழந்தையை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோவது, 1993இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை என்பதால் தப்பிவிடலாம் என்று சில உறவினர்கள் யோசனை சொல்வார்கள். குழந்தைக்கு அது என்ன செய்கிறது என்று அவர்களைக் கேளுங்கள்: ஒரு பெற்றோரை இழக்கிறது, பிறந்த நாட்டுக்கு மற்றவரோடு திரும்பமுடியாமல் போகிறது.

## யாருக்கு எது

எச்1பி, எல்1, மாணவர் விசா, கிரீன் கார்டு, இவற்றில் எதில் இருந்தாலும் மூன்றாம் வழியில் தொடங்குங்கள். டி.ஏ. மறுத்து, தொடர்புத்தடையைத்தான் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று நின்றால், உங்களிடம் ஓரளவு ஆதாரம் இருந்தாலும் இரண்டாம் வழியை யோசிக்கலாம். தோற்றாலும் விசாவைப் பொறுத்தவரை ஒப்புக்கொண்ட அதே நிலைதான். கூடுவது சிறை நாட்களின் ஆபத்து.

குடிமகனாக இருந்து கஸ்டடி வழக்கு நடந்துகொண்டிருந்தால், குடும்ப வழக்கின் வழக்கறிஞரும் குற்ற வழக்கின் வழக்கறிஞரும் ஒருவரோடொருவர் பேசிய பிறகே முடிவெடுங்கள். இரண்டு பேரும் தனித்தனியாக நன்றாகவே வேலை செய்து, சேர்த்துப் பார்க்கும்போது குழந்தையை இழக்கவைக்க முடியும்.

நிறைவேற்றம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை தலைக்கு மேல் இருப்பவர், குடிமகனோ இல்லையோ, முதல் வழியில் போகவே கூடாது. நீதிபதி இரங்கினாலும் அந்தத் தண்டனையின் அளவைக் குறைக்க அவருக்கு வழியில்லை. புரொபேஷன் நிச்சயம் திரும்பக் கிடைக்கும் என்ற உடன்பாடு முன்பே இருக்கவேண்டும்.

மீறல் உண்மையாகவே துணையைப் பயமுறுத்தியிருந்தால், எந்த வழி மலிவு என்ற கணக்கை ஒரு நாள் ஓரமாக வையுங்கள். உத்தரவுக்குப் பின்னால் அடிபட்ட ஒருவர் இருக்கிறார், அதைப் பார்த்த குழந்தையும் இருக்கலாம். வகுப்பைத் தொடர்வதும், கண்காணிப்போடு பார்க்க நீங்களே முன்வந்து சம்மதிப்பதும் எந்த நீதிமன்றத்திலும் உங்களுக்கு எதிராகப் போகாது.

## துணை குழந்தையைக் காட்டவே மறுத்தால்

இதுவும் நடக்கிறது, அந்த வலி பெரியது. புரொபேஷனில் இருப்பவர் அந்த வலியோடு நேராக வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிவிடக்கூடாது. குடும்ப நீதிமன்றத்தில் உத்தரவை அமல்படுத்த மனு போடலாம், தவறவிட்ட நாட்களுக்கு ஈடான நாட்கள் கேட்கலாம், வேண்டுமென்றே மறுக்கிறார் என்றால் அவமதிப்பு மனுவும் உண்டு. அவமதிப்பில் ஒவ்வொரு மீறலுக்கும் 120 மணி நேரம் வரை சமூகப் பணியோ சிறையோ விதிக்கலாம், ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கவேண்டும். அதனால் நேர அட்டவணை மாற்றம் கேட்கும் மனுவே பெரும்பாலும் சீக்கிரம் பலன் தரும். எல்லாச் சுப்பீரியர் நீதிமன்றத்திலும் இருக்கும் சுய உதவி மையத்தில் படிவங்களுக்கு இலவசமாக உதவுவார்கள்.

குழந்தையைக் காட்டவில்லை என்பதற்காகப் பராமரிப்புப் பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டும் தனித்தனிக் கடமைகள் என்று குடும்பச் சட்டம் 3556 பிரிவு சொல்கிறது.

கிரிமினல் உத்தரவில் சந்திப்புக்கான விலக்கு இல்லையென்றால், மீறல் வருவதற்கு முன்பே அதே நீதிமன்றத்தில் 1203.3 பிரிவின் கீழ் மாற்றம் கேட்கலாம். வகுப்பில் ஒழுங்காக இருப்பவர் கேட்டால் நீதிபதி காதுகொடுத்துக் கேட்பார். வகுப்பும் சந்திப்பும் ஒரே நாளில் மோதினால், வகுப்பு நாளை மாற்றித்தர நடத்துபவரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## முதல் ஆஜருக்கு முன்

வழக்கறிஞரிடம் இவற்றைக் கொடுங்கள்: பழைய தீர்ப்பின் முழு நகல், பாதுகாப்பு உத்தரவின் இரு பக்கங்களும், குடும்ப நீதிமன்றத்தின் கடைசி உத்தரவு, வகுப்பின் வருகைப் பதிவு, செயலியில் நடந்த பேச்சின் முழுப் பதிவு, இதுவரை சிறையில் கழித்த நாட்களின் கணக்கு, விசா நிலையைக் காட்டும் தாள்கள். எதையும் அழிக்கவேண்டாம், உங்களுக்கு எதிரான செய்தியாக இருந்தாலும். துணையைக் கூப்பிட்டுப் புகாரைத் திரும்பப் பெறச் சொல்லவும் வேண்டாம், உறவினரை விட்டும் கேட்கவேண்டாம். அது இன்னொரு மீறல், சில நேரம் சாட்சியைக் கலைத்ததாகப் புதிய வழக்கு. முதல் நாளில் வழக்கறிஞர் தயாராக இல்லையென்றால், மீறலை மறுப்பதாகப் பதிவு செய்துவிட்டு வேறு தேதி கேட்கச் சொல்லுங்கள். மறுப்பைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம்.